துணை அமைச்சரை நிரூபிக்கப் போனேன்

ரொறன்ரோவுக்கு நான் போனது ஒரு கடிதத்துக்குக் காவலாக. கடிதம் ஒரு பக்கம். நான் எழுபத்தெட்டுக் கிலோ. கடிதத்தை மட்டும் தபாலில் போட்டால் போதாதா என்று வெள்ளவத்தையில் எல்லோரும் கேட்டார்கள். என் மனைவி இரண்டு தரம் கேட்டாள். போட்டிருந்தால் அதை என் மச்சான் நேசன் உடைத்து வாசித்திருப்பான். அதற்குப் பிறகு நான் எந்தச் சொந்தக்காரர் முகத்திலும் முழிக்கமுடியாது.

விஷயம் இதுதான். எண்பதுகளில் மேற்கு ஆபிரிக்க நாடொன்றில் ஆறு வருடம் கணிதம் படிப்பித்தேன். நாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன். என்னிடம் படித்துப் பெயிலானவர்களில் சிலர் பிற்பாடு துவக்கோடு திரிந்ததாகக் கேள்வி. அவர்கள் இப்போது எந்தப் பதவியில் இருக்கிறார்களோ தெரியாது. அங்கிருந்து ஏன் திரும்பி வந்தாய் என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை வைத்திருந்தேன். நானாகவே விலகினேன், மனம் பொறுக்காமல் கல்வித் துணை அமைச்சரே எனக்கு நன்றிக் கடிதம் எழுதினார் என்பது கதை. உறையைக் காட்டுவேன். தங்க நிறத்தில் அரச முத்திரை, ஒரு பறவை, இரண்டு கப்பல். உள்ளே இருந்த தாளை மட்டும் ஒருவருக்கும் காட்டியதில்லை. நான் புறப்பட்டு நாலாம் மாதம் அங்கே உள்நாட்டு யுத்தம் தொடங்கியது. நான் இல்லாததுதான் காரணம் என்று சொல்லமாட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் நேசன் தொலைபேசி எடுத்தான். என் மனைவியின் தம்பி. ஸ்காபரோவில் டோர்செட் பார்க் பக்கம் ஒரு மாடிக் கட்டடத்தில் இருக்கிறான். வேலை மிசிசாகாவில், விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்குவது.

"அத்தான், உங்கடை மினிஸ்டர் எங்கடை பில்டிங்கிலை ஒன்பதாம் மாடியிலை இருக்கிறார்" என்றான். "உங்களை நல்லா ஞாபகமாம்."

அந்த 'நல்லா' எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு மெல்ல மெல்ல விஷயத்துக்கு வந்தான். எசேக்கியல் தாம்பே, முன்னாள் கல்வித் துணை அமைச்சர், யுத்தத்தில் வீடு எரிந்து, கடவுச்சீட்டைத் தவிர மற்றக் காகிதங்கள் எரிந்து, மனைவி ரூத்தோடு கனடாவுக்கு வந்து அகதிக் கேஸ் போட்டிருக்கிறார். தான் அமைச்சராக இருந்ததால்தான் தன்னைத் தேடுகிறார்கள் என்று சொல்கிறார். அமைச்சராக இருந்ததற்கு ஆதாரம் எங்கே என்று விசாரணையில் கேட்கிறார்கள். ஆதாரமாக ஒன்றும் இல்லை. உள்ள ஆதாரத்தையும் எங்கள் ஆட்கள் கெடுத்துவிட்டார்கள். எப்படிக் கெடுத்தீர்கள் என்று கேட்டேன். நேரில் சொல்லுறன் என்றான். "அவர் உங்களுக்குத் தந்த நன்றிக் கடிதம் இருக்குதல்லோ, அதிலை அவரின்ரை பதவி, கையெழுத்து, சீல் எல்லாம் இருக்கும். ஒறிஜினல் வேணுமாம். வாங்கின ஆளே வந்து சத்தியம் பண்ணினால் நல்லதாம் எண்டு லோயர் சொல்லுறா."

இந்த உலகத்தில் ஒரு மனிதர் அமைச்சராக இருந்தார் என்பதற்கு மிஞ்சியிருந்த ஒரே சாட்சி அவர் என்னை வேலையிலிருந்து கலைத்த கடிதம். அதைச் சுமந்துகொண்டுதான் பெப்ரவரி மாதத்தில் கனடாவில் இறங்கினேன்.

முதல் நாள் குளிரோடு போனது. நேசன் விமான நிலையத்துக்கு ஒரு ஜக்கெற் கொண்டு வந்திருந்தான். அது அவனுடைய வேலைத்தலத்தில் ஒரு பெரிய ஆள் விட்டுவிட்டுப் போனது. அதற்குள் போனதும் என்னைக் காணவில்லை. கட்டடத்தின் மின்தூக்கியில் ஏறினால் ஒவ்வொரு மாடிக்கும் ஒவ்வொரு வாசம்: இரண்டில் பொரித்த மீன், நாலில் சாம்பிராணி, ஆறில் நேசனின் மனைவி கலா இறக்கிய ஆட்டிறைச்சிக் கறி. வெள்ளவத்தையில் இதெல்லாம் காற்றோடு போய்விடும். இங்கே ஜன்னல் திறப்பதில்லை என்பதால் எல்லோருடைய கறியும் எல்லோருக்கும் சொந்தம். கலா புட்டைக் குவித்துவிட்டு, "அண்ணை, மினிஸ்டருக்கு நீங்கள் அவ்வளவு வேண்டியவரோ?" என்று கேட்டாள். வாய் நிறையப் புட்டு இருந்ததால் தலையை மட்டும் ஒரு மாதிரி ஆட்டினேன். அது ஓம் என்றும் எடுக்கலாம்.

இரண்டாம் நாள் பின்னேரம் தாம்பேயே கீழே வந்தார். ஆறடி மூன்று அங்குலம். முன்பு வெள்ளை உடுப்பில் பார்த்த ஆளை இரும்பு மூக்கு வைத்த சப்பாத்தோடு பார்த்தேன். பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறார். வேலை முடிந்து வந்த கையோடு கைகுலுக்கினார். இரண்டு பேரும் கையை விடாமல் நின்றோம். நேசனும் கலாவும் இரண்டு சகோதரர்கள் சேர்வதைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

"இவர் எனக்கு ஒருமுறை வரவேற்பளித்தார்" என்று தாம்பே நேசனிடம் சொன்னார். "என் பொதுவாழ்வில் அப்படியொரு வரவேற்பு வேறெங்கும் கிடைத்ததில்லை."

அவர் பேசுவது பழைய பாராளுமன்ற ஆங்கிலம். அதை மேடைத் தமிழில்தான் எழுதமுடியும். ரூத் பேசுவது அவர்கள் ஊர்ச் சந்தை ஆங்கிலம். அதற்கு எங்கள் ஊர்த் தமிழ்தான் சரி.

தேநீர் குடிக்க ஒன்பதாம் மாடிக்குக் கூட்டிப்போனார். அங்கேதான் எங்கள் ஆட்கள் செய்த வேலையைக் கண்டேன். ஜன்னல் முழுக்கப் பொன்னாடை. மஞ்சள், சிவப்பு, ஊதா, எல்லாம் சரிகைக்கரை. சோபாவுக்கு உறையாக இரண்டு. ரூத் கடையில் திரை வாங்கவே இல்லையாம்.

விஷயம் விளங்க ஒரு மணித்தியாலம் பிடித்தது. நேசனின் ஊர்ச் சங்கம் தலைவர் பதவிச் சண்டையில் இரண்டாகப் பிரிந்தது. ஒன்றின் பெயரில் கனடா முன்னால் வரும், மற்றதில் பின்னால் வரும். வேறு வித்தியாசம் கிடையாது. சங்கம் என்றால் விழா; விழா என்றால் பிரதம விருந்தினர். பிரதம விருந்தினர் இல்லாமல் எங்கள் ஆட்களுக்கு விளக்கு ஏற்றவராது. உள்ளூரில் இருந்த வைத்தியர், பொறியியலாளர் எல்லாரும் முடிந்த நேரத்தில் இவர் மின்தூக்கியில் நேசனுக்கு அகப்பட்டார். முதல் விழாத் துண்டுப்பிரசுரத்தில் 'முன்னாள் கல்வித் துணை அமைச்சர்' என்று உள்ளபடி போட்டார்கள். அடுத்ததில் இடம் போதாமல் 'துணை' விழுந்தது. மற்றச் சங்கம் தன் விழாவுக்கு இவரையே கூப்பிட்டு 'முன்னாள் பிரதமர்' என்று போட்டது. அந்த நாட்டில் பிரதமர் என்று ஒரு பதவியே இல்லை. அதற்குப் பதிலாக நேசனின் சங்கம், செயலாளர் நேசனின் கைப்பட, 'முன்னாள் ஜனாதிபதி' என்று அடித்தது.

பார், இந்த மனிதரை ஒரு சமூகமே அமைச்சர் என்று மதிக்கிறது என்று காட்டுவதற்காக, வழக்கறிஞர் அந்தத் துண்டுப்பிரசுரங்களை எல்லாம் முறைப்படி மொழிபெயர்த்து விசாரணையில் கொடுத்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது; மொழிபெயர்ப்பையும் வாசித்துப் பார்க்கவில்லை. விசாரணை செய்தவர்கள் வாசித்தார்கள். ஒரே மனிதர் ஒன்றரை வருடத்தில், ஸ்காபரோவை விட்டு வெளியே போகாமல், துணை அமைச்சரிலிருந்து ஜனாதிபதி வரை உயர்ந்திருக்கிறார். இவர் யார், இதில் எது உண்மை என்று கேட்டு விசாரணையைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போட்டார்கள்.

"நீங்கள் திருத்தியிருக்கலாமே?" என்று அவரிடம் கேட்டேன்.

"எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது" என்றார் தாம்பே.

ரூத் தேநீரை வைத்துக்கொண்டே சொன்னாள்: "பொய். நேசனைக் கொண்டு வாசிப்பிச்சவர். ஜனாதிபதி எண்டதும் ஒரு நிமிசம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தவர். பிறகு, தமிழ் நல்ல மொழி எண்டவர்."

மூன்றாம் நாள் சனிக்கிழமை. கேஸ் இப்படித் தொங்கிக்கொண்டிருக்கும்போது அன்றைக்கும் ஒரு விழா. அன்றைக்கும் அவர்தான் பிரதம விருந்தினர். ஒரு பள்ளிக்கூட மண்டபம். ஐந்து மணிக்கு என்று போட்டு ஆறேமுக்காலுக்குத் தொடங்கினார்கள். நேரத்தை மட்டும் ஊரிலிருந்து அப்படியே கொண்டு வந்திருக்கிறார்கள். நேசன் இந்த முறை பயத்தில் பதவியே போடாமல் 'உயர்திரு' என்று மட்டும் அடித்திருந்தான். மாலை கொண்டுவந்தார்கள். தாம்பே குனியவில்லை. மாலையை இரண்டு கையாலும் வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, திருப்பிப் பார்த்து, மூன்று தரம் பலமாக உதறினார். பிறகுதான் தானே கழுத்தில் போட்டுக்கொண்டார். சனம் கைதட்டியது. என் பக்கத்தில் இருந்தவர், அது அவையளின்ரை நாட்டு மரியாதை, மூதாதையருக்குக் காட்டிப்போட்டுத்தான் போடுவினம் என்று எனக்கு விளங்கப்படுத்தினார்.

அந்த மண்டபத்தில் உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான். இனி உங்களுக்கும் தெரியட்டும். எங்கள் பாடசாலையின் தண்ணீர்த் தொட்டியைத் திறக்க இவர் வந்தபோது வரவேற்புப் பொறுப்பு எனக்கு. அந்த ஊரில் ஒருவருக்கும் மாலை கட்டத் தெரியாது. மாலை இல்லாமல் என்ன வரவேற்பு என்று சொல்லி, நானே காட்டு ஓரத்தில் சிவப்புப் பூவாகப் பார்த்துப் பிடுங்கி, விடிய எழும்பிக் கட்டினேன். பூவுக்குள் எறும்பு இருந்தது எனக்குத் தெரியாது. எறும்பும் சிவப்பு. அமைச்சர், 'இந்த நாட்டின் எதிர்காலம்' என்ற இடத்தில் முதலில் தோளைக் குலுக்கினார். 'கல்வி' என்ற இடத்தில் சட்டையைக் கழற்றினார். பிள்ளைகள் அதைப் புது நடனம் என்று நினைத்துத் தாங்களும் ஆடினார்கள். கடைசியில் அவர் தொட்டியைத் திறந்துவைக்கவில்லை, அதற்குள் இறங்கினார். கடிதம் ஒன்பதாம் நாள் வந்தது.

ஞாயிறு மத்தியானம் ரூத் சாப்பிடக் கூப்பிட்டாள். மரவள்ளி இலையை அரைத்து, செம்பனை எண்ணெயில், தமிழ்க் கடையில் வாங்கிய எங்கள் ஊர்க் கருவாட்டைப் போட்டு ஒரு குழம்பு. எங்கள் ஊரில் கிழங்கை நாங்கள் தின்போம், இலையை ஆட்டுக்குப் போடுவோம். அவர்கள் இரண்டையும் விடுவதில்லை. ஆறு வருடம் அதைத் தின்றவன் நான், ஆனாலும் உறைப்பில் காது அடைத்துவிட்டது.

காது அடைத்திருந்தபடியால் தொலைபேசி அடித்தது எனக்குக் கேட்கவில்லை. ரூத்தின் முகம் மாறியதைத்தான் கண்டேன். தாம்பே எழும்பிப்போய் எடுத்தார். எடுத்தவர் நிமிர்ந்து நின்றார். சட்டைப் பொத்தானைப் பூட்டினார். "ஆம், மேன்மைதங்கியவரே" என்றார். பிறகு நீண்ட நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். கடைசியில், யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

பேசியது அவர்கள் நாட்டு ஜெனரல் ஒருவர். தாம்பேயின் வீட்டுக்குத் தீ வைத்தது அந்த ஜெனரலின் பொடியன்கள். இப்போது சமாதான ஒப்பந்தம் எழுதி, கூட்டு அரசாங்கம் அமைத்து, ஜெனரல் அதில் இரண்டாம் ஆள். பழைய முகங்கள் நாலைந்து வேண்டுமாம், வெளிநாட்டுக்காரருக்குக் காட்ட. வா, கல்வியைத் தருகிறேன் என்கிறார். துணை இல்லை, முழு அமைச்சர்.

"மூண்டாம் தரம் எடுக்கிறான்" என்றாள் ரூத். "ஒவ்வொரு தரமும் இவர் நிக்கிற நிலையைப் பாத்தியளே? பெட்டி அடுக்கிற இடத்திலை இப்பிடி நிமிந்து நிக்கிறாரோ எண்டு கேளுங்கோ."

தாம்பே சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தார். அவருடைய பழைய சகாக்கள் இரண்டு பேர் இதே மாதிரி அழைப்பில் போயிருக்கிறார்கள் என்று ரூத் சொன்னாள். என்ன ஆனார்கள் என்று கேட்டேன். சாப்பிடுங்கோ என்றாள்.

பின்னேரம் வழக்கறிஞர் எங்களையெல்லாம் தன் அலுவலகத்துக்கு அழைத்து ஒத்திகை பார்த்தார். குரல் உயராத, கண்ணாடி போட்ட பெண். தொலைபேசிக் கதையைக் கேட்டதும் பேனாவை மூடி வைத்தார். இதை நாளைக்கு எடுக்கவேண்டாம் என்றார். அமைச்சர் பதவி தருகிறோம் என்று கூப்பிடுகிற நாட்டுக்குத் திரும்பினால் உயிராபத்து என்று சொன்னால் யார் நம்புவார்? கேட்டால் பொய் சொல்லவேண்டாம், கேட்காமல் சொல்லவும் வேண்டாம். திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்று ஒரு கேள்வி கட்டாயம் வரும். அதற்கு ஒரே வரி, என்னைக் கொன்றுவிடுவார்கள். தாம்பே அந்த வரியை நாலு தரம் சொல்லிக்காட்டினார். நாலாம் தரம் கொஞ்சம் நன்றாகவே வந்தது.

கடிதத்தையும் வழக்கறிஞர் கேட்டார். கொடுத்தேன். ஆங்கிலத்தில் இருந்ததால் உடனே வாசித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். வாயைக் கையால் மூடிக்கொண்டு, இது மிகமிக நல்ல கடிதம் என்றார். நேசன் பெருமையோடு என்னைப் பார்த்தான்.

திங்கள் காலை, நேசனின் கார் குளிரில் எழும்பவில்லை. ஆறாம் மாடியில் எதிர்க் கதவு நசீர் நானா தன் வானைக் கொண்டுவந்தார். மட்டக்களப்புப் பக்கத்து முஸ்லிம். குழாய் பொருத்தும் வேலை. பின்னால் முழுக்கக் குழாய், ஏணி, ஒரு கைகழுவும் தொட்டி. நாங்கள் எல்லோரும் ஏறிவிட்டோம். தாம்பே வெளியே நின்றார். பனி கொட்டுகிறது, ஆள் ஏறவில்லை.

"என்ன சேர், ஏறமாட்டாராமா?" என்று நசீர் நானா என்னைக் கேட்டார்.

எனக்கு விளங்கிவிட்டது. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் கதவு சாத்தியிருந்தது. இந்த மனிதர் இருபது வருடமாகக் கார்க் கதவைத் தானாகத் திறந்ததில்லை. களஞ்சியத்து வானில் கதவு எப்போதும் திறந்துதான் கிடக்குமாம். நான் இறங்கிப்போய்த் திறந்துவிட்டேன். நன்றி, ஆசிரியரே என்று சொல்லி ஏறினார். நானும் கொஞ்சம் தலைகுனிந்துவிட்டேன். என்னைக் கலைத்தவருக்கு! போய்ச் சேர்ந்ததும் அந்தக் கதவு உறைந்து இறுகிவிட்டது. நசீர் நானா தட்டினார், உதைத்தார், தேநீர்ப் போத்தலைக் கவிழ்த்து ஊற்றினார். ஓட்டுநர் பக்கத்தால் ஆறடி மூன்று அங்குலம் நுழையவில்லை; கடைசியில் தாம்பே குழாய்களுக்கு மேலால் தவழ்ந்து, கைகழுவும் தொட்டியைத் தாண்டிப் பின்பக்கத்தால் இறங்கினார். கோட்டில் வெள்ளை ஒட்டுப்பசை. ரூத் எச்சில் தொட்டுத் துடைத்தாள்.

விசாரணை அறை ஒரு வங்கியின் பின்னறை மாதிரி இருந்தது. ஒரு பெண், ஒரு ஆண், தண்ணீர்க் குவளை. முதலில் நேசனைக் கூப்பிட்டார்கள். துண்டுப்பிரசுரத்தைக் காட்டி, இதில் ஜனாதிபதி என்று எழுதியது நீங்களா என்று அந்த அம்மா கேட்டார். ஓம் என்றான். இவர் ஜனாதிபதியாக இருந்தார் என்று நம்பினீர்களா? இல்லை. பிறகு ஏன் எழுதினீர்கள்? நேசன் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்:

"மற்றச் சங்கம் பிரதம மந்திரியைக் கூப்பிட்டுட்டினம். நாங்கள் அதைவிடக் குறைஞ்ச ஆளைக் கூப்பிடேலுமோ?"

"அவர்கள் கூப்பிட்டது யாரை?"

"இவரைத்தான்."

அந்த ஆண் தண்ணீர் குடித்தார். தேவையில்லாமல் நிறையக் குடித்தார்.

பிறகு தாம்பே. கடிதத்தைக் காட்டுவதற்கு முன்பே, இந்தச் சாட்சியை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள் என்று கேட்டார்கள். அவர் தண்ணீர்த் தொட்டியில் தொடங்கி எறும்பு எறும்பாகச் சொன்னார். எது எங்கே கடித்தது என்று வரிசையாகச் சொன்னார். இடது காலருக்குக் கீழே கடித்ததைச் சொல்லும்போது கை தானாக அங்கே போனது. அதன்பிறகு என்னைச் சத்தியம் செய்யவைத்து, கடிதத்தை உரத்து வாசிக்கச் சொன்னார்கள். நேசன் என் பின்னால் இருந்தான். வாசித்தேன்.

"தண்ணீர்த் தொட்டித் திறப்பு விழாவில், வரவேற்பு என்ற பெயரில், அரசின் பிரதிநிதியுடைய கழுத்தில் உயிருள்ள பூச்சிகளை அணிவித்த குற்றத்துக்காக, மேற்படி கணித ஆசிரியர் இக்கணமே பணியிலிருந்து நீக்கப்படுகிறார்." அதோடு மடிக்கப் பார்த்தேன். இன்னும் ஒரு வரி இருக்கிறதே என்றார் அந்த அம்மா. இருந்தது. பத்து வருடம் நான் காவல் காத்தது அந்த வரியைத்தான். "மேற்படி ஆசிரியரின் கணிதமும் திருப்திகரமானதல்ல."

கீழே எசேக்கியல் தாம்பே, கல்வித் துணை அமைச்சர். முத்திரை. பறவை. இரண்டு கப்பல்.

பின்னால் நேசனின் கதிரை கிறீச்சிட்டது. அந்த அம்மா கடிதத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, நீங்கள் துணை அமைச்சராக இருந்ததில் இனி எங்களுக்குச் சந்தேகம் இல்லை என்று தாம்பேயிடம் சொன்னார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். சமாதானம் வந்துவிட்டது, திரும்பிப் போனால் உங்களுக்கு என்ன நடக்கும்?

வழக்கறிஞரின் உதடு அந்த வரியை அவருக்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தது.

"முதலில் என்னை அமைச்சராக்குவார்கள்" என்றார் தாம்பே.

வழக்கறிஞரின் பேனா மேசையில் விழுந்து உருண்டது. யாரும் எடுக்கவில்லை. அவர் தொலைபேசிக் கதை முழுவதையும் சொன்னார். இதேபோல் அழைக்கப்பட்டுப் போன இரண்டு நண்பர்களைப் பற்றியும் சொன்னார். ஒருவர் பதவியேற்ற ஆறாவது வாரம் ஆற்றில் கிடந்தார். மற்றவர் இன்னும் அமைச்சராக இருக்கிறார். ஆற்றில் கிடந்தவருக்கு அரசாங்கத்தின் இரங்கல் அறிக்கையை எழுதியவர் அவர்தான்.

"அப்படியானால் வேண்டாம் என்று சொல்லிவிடலாமே" என்றார் அந்த அம்மா. "பதவியை மறுத்துவிட்டு, அங்கே சாதாரண மனிதராக இருக்கமுடியாதா?"

ரூத் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மறுக்கத் தெரியாது" என்றார் தாம்பே. மேடைக் குரல் இல்லை. "இருபது வருட அரசியலில், தருகிறோம் என்று சொன்ன எதையும் நான் வேண்டாம் என்று சொன்னதில்லை. இந்த ஊரில் என்னை ஜனாதிபதி என்று அச்சடித்தார்கள். அதைக்கூட நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நீங்கள் என்னைத் திருப்பி அனுப்பினால், விமானம் இறங்குகிற இடத்தில் ஒரு கார் நிற்கும். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ஒருவன் நிற்பான். அவன் யாரென்று எனக்குத் தெரியும். என் வீட்டை எரித்தவன். நான் ஏறிவிடுவேன்."

அரை மணித்தியாலம் எங்களை வெளியே இருத்தினார்கள். யந்திரத்தில் காசு போட்டால் கோப்பி வரும். கோப்பி என்று எழுதியிருந்ததால் அதைக் கோப்பி என்று குடித்தோம். நேசன் என் பக்கத்தில் வந்திருந்து, மெல்லிய குரலில், "அத்தான், எறும்பு பரவாயில்லை. கணக்குமோ?" என்று கேட்டான். நான் கோப்பையின் அடியைப் பார்த்தேன். அவனும் ஒரு ஜனாதிபதியை உண்டாக்கினவன்தான் என்பதால் அதற்குமேல் கேட்கவில்லை.

திரும்பக் கூப்பிட்டு, ஏற்றுக்கொள்கிறோம் என்றார்கள். இரண்டு வசனத்தில் முடிந்துவிட்டது. வழக்கறிஞர் ரூத்தின் கையைப் பிடித்து, இனி ஒருவரும் இவரை அனுப்ப முடியாது என்றார். தாம்பே ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தபடி நின்றார். வென்ற மனிதரின் முதுகு மாதிரி இல்லை.

ரூத் அவருக்குக் கேட்காமல் என்னிடம் சொன்னாள்: "ஓம், இனி ஒருத்தரும் அனுப்பேலாது. இனிப் போனால் அவரே போனதுதான்."

புதன்கிழமை இரவு எனக்கு விமானம். காலையில் கலாவின் சட்டி ஒன்றைத் திருப்பி வாங்க ஒன்பதாம் மாடிக்குப் போனேன். தாம்பே அப்போதுதான் இறங்கிப் போயிருந்தார். ரூத் ஜன்னலடியில் நின்றாள். நானும் போய் நின்றேன். கீழே வேலைக்கு ஆள் ஏற்றும் வான் வந்தது. அவர் ஏறினார். தொழிலாளர் எட்டுப் பேர், அவர் ஒன்பதாவது. வான் பெருந்தெருப் பக்கம் திரும்பி மேற்கே போனது.

"பிறம்ரன் அந்தப் பக்கம்தானே" என்றேன், ஆறுதலுக்கு.

"ஓம், மேற்கை" என்றாள் ரூத். "விமான நிலையமும் மேற்கைதான். ஒரே றோட்டு."

வான் மறைந்த பிறகும் அவள் நின்றாள். ஒவ்வொரு காலையும் நிற்பாளாம். கேஸ் முடிந்தால் இது முடியும் என்று நினைத்திருந்தாளாம். சட்டியைத் தந்துவிட்டு, அலுமாரி மேலிருந்த கடவுச்சீட்டுகளை எடுத்து எண்ணினாள். இரண்டும் இருந்தன. அதே இடத்தில் வைத்தாள்.

பயணம் சொல்ல, தாம்பே வேலை முடிந்து வரும் மூன்றரைக்குத் திரும்பப் போனேன். மூன்றே முக்கால் ஆனது. நாலு ஆனது. ரூத் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. என்னிடம் கொழும்பில் வெயில் எப்படி என்று கேட்டாள். சொன்னேன். அதையே இன்னொரு தரம் கேட்டாள். இன்னொரு தரம் சொன்னேன்.

நாலேகாலுக்குக் கதவு திறந்தது. தாம்பே சப்பாத்தைக் கழற்றி வாசலில் ஓரமாக வைத்தார். நன்றாகப் பசிக்கிறது என்றார்.

ரூத் எழும்பிப்போய் அரிசியைக் கழுவினாள்.